மரத்துக்குப் பின்னால் நம் கடை

மதிப்பும் பாசமும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, எங்கள் மகள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். நலமாக இருக்கிறோமா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்தபின் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே உங்கள் சர்க்கரையும் அக்காவின் முழங்கால் வலியும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றாலும் இரண்டு நாளைக்கு அவற்றை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

நடந்தது இதுதான். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நம் கடைத்தெருவுக்குள் எந்த வண்டியும் வரக்கூடாது என்று மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிட்டது. லாரி, வேன், கார், ஸ்கூட்டர் எதுவும் கூடாது. மனிதனுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் அனுமதி. நடுவில் மரம், ஓரத்தில் பெஞ்சு, தரையில் மழைத்தண்ணீரை உறிஞ்சுகிற கல். இந்தத் திட்டத்தை வரைந்து கீழே கையெழுத்தும் போட்டிருப்பவள் மாநகராட்சியில் வேலை பார்க்கிற என் மகள். "பிள்ளைக்குக் கோடு நேரா வருது, நகரமைப்பு படிக்க வைங்க மாப்பிள்ளை" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தக் கோடு நேராகவே வந்து இப்போது என் கடை வாசலில் நிற்கிறது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் மெதுவாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எதிர்க்கட்சி இப்போது பக்கத்து அறையில் இருக்கிறது. அதனால் பார்சல் சர்வீஸ் வண்டியில், குழாய் மாதிரிகள் போகிற பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறேன். இன்று செவ்வாய். நாளைக் காலை உங்கள் கைக்கு வந்துவிடும்.

முதலில் இருந்து சொல்கிறேன், அப்போதுதான் என் தலையில் நானே எப்படி மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்பது உங்களுக்கு விளங்கும். மூன்று மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, தெருமுனையில் ஒரு பெரிய குடையை நட்டு, அதன் கீழே இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கையில் ஒரு சின்னக் கருவி. பெருவிரலால் அழுத்தினால் டிக் என்கிறது. வணிகர் சங்கத் தலைவன் என்ற முறையில் போய் விசாரித்தேன். "என்ன சார் எண்ணுறீங்க?" "தெருவுக்குள்ள வர்ற வண்டிய எண்ணுறோம்." "எதுக்கு?" "அது எங்களுக்குத் தெரியாது சார். எண்ணுறது மட்டும்தான் எங்க வேலை." ஒருவன் எண்ணுகிறான் என்றால் வியாபாரிக்கு வருகிற முதல் புத்தி என்ன? கூட்டம் காட்டு என்பதுதான். நான் கடை போட்ட வருடம், கடன் தரலாமா என்று பாங்குக்காரர்கள் பார்க்க வந்த அன்று, நீங்களே வாடிக்கையாளர் மாதிரி நின்று ஒரே தாழ்ப்பாளுக்கு மூன்று தடவை விலை கேட்டீர்களே, அதே புத்தி. உடனே சங்கத்தைக் கூட்டினேன். "வெறிச்சோடிக் கிடக்குன்னு கணக்கு எழுதிட்டா நம்ம தெருவுக்கு ரோடு போட மாட்டான், விளக்குப் போட மாட்டான், இந்த வாரம் எல்லா வண்டியும் உள்ளே வரட்டும்" என்றேன். சரக்கு லாரிகள் வந்தன. வந்த லாரி ஒவ்வொன்றும் நாலு சுற்று சுற்றியது. பெயிண்ட் கடைக்காரர் தன் மைத்துனர்கள் இருவரையும் ஸ்கூட்டரில் காலை முதல் மாலை வரை வட்டமடிக்க விட்டார். சோபாக் கடைக்காரர் ஒரே சோபாவை வேனில் ஏற்றி ஆறு நாளும் ஊர்வலம் விட்டார். குடைக்காரர்களின் பெருவிரல் வீங்கிப் போயிருக்கும். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசை முழுவதையும் அடைத்து மகள் ஒரு படத்தை விரித்து வைத்திருந்தாள். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பச்சைப் பச்சையாக மரம், அதன் கீழே ஒரு கிழவர் பத்திரிகை படிக்கிறார், ஒரு தாய் குழந்தையின் கையை விட்டுத் தனியே நடக்க விட்டிருக்கிறாள். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டேன்.

"நல்லா இருக்கேம்மா. எந்த ஊரு இது?"

"நம்ம தெருதாம்பா."

"விளையாடாத. நம்ம தெருன்னா நம்ம கடை எங்க?"

"இதோ, இந்த மரத்துக்குப் பின்னாடி."

மச்சான், தட்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மரத்துக்குப் பின்னால் அரை விரல்கடை அளவுக்கு ஒரு நீலப்பட்டை தெரிந்தது, அதுதான் முப்பத்தோரு வருட உழைப்பு. போர்டு தெரியவில்லை. வாசல் தெரியவில்லை. வாசலுக்கு வெளியே நான் தண்ணீர்த் தொட்டியும் பி.வி.சி. குழாயும் அடுக்கி வைக்கிற ஆறடி இருக்கிறதே, அது இருந்த இடத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. அந்த ஆறடி நமக்குச் சொந்தமில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாநகராட்சிக்குத் தெரியாமல் இத்தனை வருடம் ஓட்டினேன். இப்போது மாநகராட்சியைப் பெற்று, வளர்த்து, பட்டம் வாங்க வைத்து, வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். படத்தின் ஓரத்தில் அழகான கையெழுத்தில் "ஆக்கிரமிப்பு, 1.8 மீட்டர்" என்று எழுதியிருந்தாள். நாடா வைத்து அளக்கவே இல்லையாம். "அந்தத் தொட்டி மேல உக்காந்துதானப்பா நான் எட்டு வருஷம் வீட்டுப் பாடம் எழுதினேன், எனக்குத் தெரியாதா" என்கிறாள்.

எதற்காக நம் தெருவைப் பிடித்தாய், ஊரில் வேறு தெருவே இல்லையா என்று கேட்டேன். ஒரு அறிக்கையை எடுத்துக் கையில் கொடுத்தாள். நகரத்திலேயே அதிக நெரிசல் உள்ள தெரு, அதிகப் புகை உள்ள தெரு, வண்டியின் சராசரி வேகம் நடக்கிற ஆளைவிடக் குறைவாக உள்ள தெரு, ஆகவே முதலில் சீர்செய்ய வேண்டிய தெரு. எல்லாம் அந்த ஒரு வாரத்துக் கணக்கு. சோபா ஊர்வலமும் அதில் சேர்த்தி. சொந்தச் செலவில் சூனியம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், டீசல் போட்டுச் செய்துகொண்டவன் நான்தான்.

நான் அவளிடம் பேசாமல் இல்லை. "அம்மா, ஒரு மூட்டை சிமெண்ட் அம்பது கிலோ. அதைத் தோள்ல போட்டுக்கிட்டு மரத்தடியில காத்து வாங்கிட்டே போவாங்களா?" என்றேன். "கார்ல போறவங்க உங்க கடையைப் பாக்கறதே இல்லப்பா, முன்னாடி வண்டி நகருதான்னுதான் பாக்கறாங்க. நடந்து போறவங்கதான் கடையைப் பாப்பாங்க" என்றாள். "பாத்துட்டுப் போறதுக்கு நான் என்ன மீன் தொட்டியா வச்சிருக்கேன்" என்றேன். அதற்குமேல் அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். "வருஷா வருஷம் மழைக்குக் கடைக்குள்ள தண்ணி வந்து எத்தனை மூட்டை கல்லாப் போகுது?" என்றாள். சொன்னேன். "அந்தத் தண்ணி ஏன் மண்ணுக்குள்ள போகாம நம்ம கடைக்குள்ள வருது?" தெரு முழுக்க சிமெண்ட் போட்டிருக்கிறது, அதனால் என்றேன். "அந்த சிமெண்ட்ட யாரு சப்ளை பண்ணினா?" நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். நான்தான் சப்ளை செய்தேன், மச்சான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்த ஆர்டர் கிடைத்தபோது உங்களுக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தேன்.

நோட்டீஸ் ஒட்டிய அன்றே மறுபடி எண்ண வேண்டும் என்று மனுக் கொடுத்தேன். கூட்டம் காட்டித்தானே மாட்டினோம், இந்தத் தடவை காட்டாமல் இருந்தால் "நெரிசலே இல்லை, எதற்குத் தடை" என்று விட்டுவிடுவார்கள் என்பது என் கணக்கு. குடை மறுபடி வந்தது. ஒரு வாரத்துக்கு ஒரு வண்டி உள்ளே வரக்கூடாது, சரக்கையெல்லாம் தெருமுனையில் இறக்கித் தள்ளுவண்டியில் கொண்டுவாருங்கள், வாடிக்கையாளரிடம் நடந்து வரச் சொல்லுங்கள் என்று சங்கத்துக்கு உத்தரவு போட்டேன். எல்லோரும் கட்டுப்பட்டார்கள். குடைக்காரர்கள் பாதி நேரம் தூங்கினார்கள். வாரக் கடைசியில் ஆணையரிடமிருந்து முத்திரை போட்ட கடிதம் வந்தது. திறந்தால், நன்றிக் கடிதம். வண்டி இல்லாமலேயே இந்தத் தெரு இயங்கும் என்பதை வணிகர்கள் தாங்களே ஒத்திகை பார்த்து நிரூபித்துவிட்டார்களாம். இதை முன்னின்று நடத்திய சங்கத் தலைவருக்குப் பாராட்டாம். அதை ஒரு நகல் எடுத்து அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டார்கள். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி.

அன்றிலிருந்து கடைத்தெருவில் என்னைப் பார்க்கிற பார்வையே வேறு. முன்பு வணக்கம் சொன்னவர்கள் இப்போது இருமுகிறார்கள். பெயிண்ட் கடைக்காரர் வாசலில் நின்று எல்லோரும் கேட்கவே கேட்டார்: "தலைவரே, வீட்ல மகள் சமைக்குது, நீங்க வெளியில வந்து எங்களுக்குப் பரிமாறுறீங்களா?" சோபாக் கடைக்காரர் அழாத குறை. "மூணு பேர் உக்கார்ற சோபாவ வாங்கினவன் எப்படிங்க வீட்டுக்குக் கொண்டுபோவான்? வழியெல்லாம் பெஞ்சு போடுறாங்க, உக்கார்றதுக்கே இனி என் கடைக்கு வருவானா?" என்கிறார்.

உங்களிடம் மறைப்பானேன், மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு டப்பா ஆணியோடு தெருவுக்கு வந்தவன் நான். அன்றைக்குப் பயம் இல்லை, இழக்க ஆணிதான் இருந்தது. இன்றைக்கு வண்டி நின்றால் சிமெண்ட் நிற்கும், கம்பி நிற்கும், தொட்டி நிற்கும். மேஸ்திரிகள் பைபாஸில் திறந்திருக்கிற புதுக் கடைக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்ப மாட்டார்கள், அங்கே தேநீர் இலவசம். அந்த வண்டியில்லாத வாரத்தில் வியாபாரம் படுத்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் சிமெண்ட்தான் அசையவில்லை. கொக்கியும் கீலும் பூட்டும் குழாய்த் திருகும் பையில் போட்டு எடுத்துப் போனார்கள், அதுவரை கடைக்குள் காலே வைக்காத பெண்கள் எல்லாம் வந்து எந்தச் சுவரில் எந்த ஆணி நிற்கும் என்று கேட்டார்கள். ஆனால் கொக்கியை நம்பிக் குடும்பம் தொங்க முடியுமா? யாராவது தெருவைக் குனிந்து பார்த்தால் நானும் கூடவே குனிந்து பார்க்கிறேன். நேற்று ஒருவர் வாசலில் நின்று அளவு நாடாவை இழுத்தார், எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு பார்த்தால் நம் கடையில் அப்போதுதான் வாங்கிய நாடா, வேலை செய்கிறதா என்று பார்த்திருக்கிறார். கடையில் நாற்பது நாடா தொங்குகிறது. விற்கவே மனம் வரவில்லை.

உங்கள் தங்கையிடம் சொன்னால் ஆறுதல் கிடைக்கும் என்று போனேன். "ஏங்க, உங்க கடைக்கு நான் வந்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு தெரியுமா? மூணு வருஷம். வீட்டுக்கும் கடைக்கும் நடுவுல ஒரு ரோடு. அதைத் தாண்ட எனக்குத் தைரியம் இல்ல. நீங்க சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டுப் போனா எதிர்ப்பக்கம் நின்னு கையக் காட்டிட்டுத் திரும்பி வந்துடறேன்" என்றாள். அவள் கை காட்டுவது எனக்குத் தெரியும். டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்து நானும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாளை மறுநாள் வியாழக்கிழமை, மாநகராட்சி மாடியில் கருத்துக் கேட்புக் கூட்டம். மேசைக்கு அந்தப் பக்கம் என் மகள் உட்காருவாள். இந்தப் பக்கம் சங்கத்தின் சார்பில் நான் எழுந்து அவள் திட்டத்தைக் கிழிக்க வேண்டும். கிழித்தால் மகள் போச்சு, கிழிக்காவிட்டால் சங்கமும் கடையும் போச்சு. நாலு பக்கம் பேச்சு எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே உங்களிடம் இரண்டு கோரிக்கை. ஒன்று, புதன் சாயங்காலத்துக்குள் புறப்பட்டு வந்து, தாய்மாமன் என்ற முறையில் அவளிடம் பேசி நோட்டீஸைத் திரும்பப் பெற வையுங்கள். இந்த வீட்டில் அவள் கேட்கிற ஒரே பேச்சு உங்கள் பேச்சு. இரண்டு, அது முடியாவிட்டால் விஷயம் வெளியே பரவுமுன் கடையை வாங்க ஒரு ஆளைப் பாருங்கள். வாங்குகிறவர் மரம் பிடித்தவராக இருந்தால் நல்லது. இதில் மூன்றாவது யோசனை எதுவும் என்னிடம் இல்லை. இருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் கேட்ட வேலை கிடைத்து, கேட்காத யோசனை எதுவும் தோன்றாமல், நீண்ட ஆயுளோடு இருக்கட்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்,
தலைவர், கடைத்தெரு வணிகர் சங்கம் (இன்றைய தேதி வரை)

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. மேலே உள்ள கடிதம் உங்களுக்கு வரவில்லை என்பது உங்களுக்கே தெரியும். பார்சல் வண்டி செவ்வாயன்று இரண்டு மணி நேரம் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு, நெரிசலில் உள்ளே நுழைய முடியாமல் திரும்பிப் போய்விட்டது. புதனன்றும் அப்படியே. பெட்டி கடையிலேயே கிடக்கிறது. வீணாக்க மனமில்லை, அதிலேயே தொடர்ந்து எழுதுகிறேன்.

நேற்றுக் கூட்டத்தில் நாலு பக்கத்தில் ஒரு பக்கம் படித்திருப்பேன். மகள் கையை உயர்த்தினாள். "தலைவர் அவர்களே, சுருக்கமா உங்களுக்கு என்ன வேணும்?"

"வண்டி வரணும்."

"எந்த வண்டி?"

"சரக்கு வண்டி."

"எத்தனை மணிக்கு?"

"நாள் பூரா."

"நாள் பூரா முடியாது. காலைல நாலுல இருந்து ஆறு."

"நாலு மணிக்கு எவன்மா கடை திறப்பான்? எட்டுல இருந்து ரெண்டு."

"அஞ்சுல இருந்து ஏழு."

"ஏழுல இருந்து பன்னெண்டு. அதுக்குக் கீழ ஒரு நிமிஷம் இல்ல."

அவள் பேனாவை மூடினாள். படத்தைச் சுருட்டி ரப்பர் பாண்டு போட்டாள். "அப்ப ஒட்டின நோட்டீஸே இருக்கட்டும்" என்று எழுந்து கதவைப் பார்த்து நடந்தாள். ஓரடி, ஈரடி. மூன்றாவது அடியில் என் அனுமதி இல்லாமலே என் வாய் திறந்துகொண்டது: "ஏம்மா, ஏம்மா, எழுந்து போயிட்டா எப்படி? வந்து உக்காரு. பேசினாத்தானே முடியும்."

கூடமே சிரித்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் கடையில் விலை படியாமல் எழுந்து போகிறவர்களை நான் மூன்றாவது அடியில்தான் கூப்பிடுவேன்; இரண்டாவதில் கூப்பிட்டால் மலிவு, நாலாவதில் கூப்பிட்டால் ஆள் போய்விடுவான். எட்டு வருடம் தொட்டி மேல் உட்கார்ந்து அவள் எழுதியது வீட்டுப் பாடம் மட்டும் இல்லை. பெயிண்ட் கடைக்காரர் என் காதருகே வந்து, "தலைவரே, காலேஜுக்குக் கட்டினது தண்டம். பொண்ணு உங்க கடையிலயே படிச்சு முடிச்சிருக்கு" என்றார்.

பிறகு ஒரு மணி நேரம் அடித்துப் பேசி முடித்தோம். நான் நன்றாகவே பேரம் பேசிவிட்டேன் என்ற திருப்தியில் நெற்றியைத் துடைக்கும்போது, அவள் பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்து விரித்தாள். நாங்கள் பேசி முடித்த அத்தனையும் அதில் ஏற்கனவே அச்சாகியிருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறிகூட.

"இத எப்பம்மா வரைஞ்ச?"

"முதல் படம் வரைஞ்ச அன்னிக்கே."

"அப்ப அந்த நோட்டீஸ்?"

"அது முதல் விலைப்பா. எடுத்த எடுப்புல இதக் காட்டியிருந்தா இதுல பாதிக்குத்தானே ஒத்துக்கிட்டிருப்பீங்க?"

முப்பத்தோரு வருடம் முதல் விலை சொல்லி ஊரைப் பயமுறுத்தியவன், முதல் விலையைக் கேட்டு மூன்று வாரம் நடுங்கியிருக்கிறேன். ஆகவே நீங்கள் புறப்பட வேண்டாம், ஆளும் பார்க்க வேண்டாம், மேலே எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டவும் வேண்டாம். பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. மேஸ்திரிகள் என்ன செய்வார்கள் என்று இன்னும் தெரியாது. ஆனால் கையெழுத்துப் போட்டாயிற்று. முடிந்த நிபந்தனைகள் இவை. சரக்கு வண்டி காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, ஒரு நிமிடம் தாண்டினால் அபராதம். அதன்பின் தெருமுனையிலிருந்து எட்டுத் தள்ளுவண்டி; வண்டி மாநகராட்சியுடையது, தள்ளுகிற ஆள் சங்கத்தின் பொறுப்பு, சோபாவுக்கு முன்னுரிமை. ஆறடியை நான் விட வேண்டும், விட்டேன். பெஞ்சு உண்டு, முதுகு நம் கடைப் பக்கம் இருக்காது, முகம்தான் இருக்கும். மரம் வாசலுக்கு நேரே இல்லை, தூணுக்கு நேரே. அது வேர் பிடிக்கும் வரை தினமும் இரண்டு வாளித் தண்ணீர் நான் ஊற்ற வேண்டும், மழை நாளில் விடுப்பு.